ஊசி சிஸ்டர்

பங்குத் தரகு செய்து பிழைக்கிறவனுக்கு அவரைப் போல உபயோகமில்லாத வாடிக்கையாளர் வாய்க்கக் கூடாது. வாங்கினால் எனக்குக் கமிஷன், விற்றாலும் கமிஷன். அவர் ஒரே ஒரு கம்பெனியின் பங்கை வாங்கினார். அதை விற்கவே இல்லை. ஆனாலும் செவ்வாய்க்கிழமை தவறாமல் வந்துவிடுவார். கடியப்பட்டணத்திலிருந்து கருங்கல் வந்து, அங்கே பஸ் மாறி, புதுக்கடை சந்திப்பில் இறங்கி, மருந்துக்கடைக்கு மேலே இருந்த என் ஆபீசின் படியேறி, ஃபேனுக்குக் கீழே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகு சாயாமல் ஒரு மணி நேரம் உட்காருவார். வம்பு பேசமாட்டார். திரையில் தன் கம்பெனியின் பெயர் ஓடும்போது மட்டும் கண்ணாடியை மேலே தள்ளிப் பார்ப்பார். பிறகு, சாயா குடித்த கிளாசைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கிளம்புவார்.

"கழுவ ஆளு இருக்கு சிஸ்டர்" என்பேன்.

"எனக்க எச்சில நான் கழுவணும் சாரே."

குள்ளமான உருவம். மடிப்புக் கலையாத காட்டன் சேலை. கைக்கடிகாரத்தின் முகத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பார். நாடி பிடித்துப் பார்த்த காலத்துப் பழக்கம். குவைத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் புற்றுநோய் வார்டில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவர். அதனால் எல்லாருக்கும் சிஸ்டர். அவர் பங்கு வாங்கிய கம்பெனி புற்றுநோய்க்குத் தடுப்பூசி செய்ய முயன்றுகொண்டிருந்தது. அதனால் என் ஆபீசுக்கு வருகிறவர்கள் அந்தக் கம்பெனிக்கு 'ஊசி' என்று பெயர் வைத்தார்கள். இரண்டும் சேர்ந்து அவர் ஊசி சிஸ்டர் ஆனார். முகத்துக்கு நேரே யாரும் அப்படி அழைத்ததில்லை. அதற்கான தைரியம் புதுக்கடையில் யாருக்கும் இருந்ததாக நினைவில்லை.

முதல் நாள் வந்தபோது கையில் பிளாஸ்டிக் உறையில் போட்ட நாலைந்து தாள்கள் இருந்தன.

"இந்தக் கம்பெனி. இதுல எனக்குப் பங்கு வாங்கணும்."

வடக்கே எங்கோ உள்ள சின்னக் கம்பெனி. நான் கேள்விப்பட்டதே இல்லை.

"ஆரு சிஸ்டர் டிப்பு தந்தது?"

"டிப்பா? நர்சு டிப்பு வாங்கினா வேலை போயிரும்."

தமாஷா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. தாள்களை என் மேஜையில் விரித்து, நான் புதிதாக வார்டுக்கு வந்த ஆள் போல எனக்கு விளக்கினார். வாய்ப்புற்றுக்கு ஆபரேஷன் முடிந்தவர்கள் சில நூறு பேர். அவர்களில் பாதிப் பேருக்கு இந்த ஊசி. மற்றப் பாதிப் பேருக்கு, பார்த்தால் அதே போல இருக்கும் மருந்தில்லாத ஊசி. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, போடுகிற நர்சுக்கும் தெரியாது. பிறகு வருடக்கணக்காக அவர்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். எந்தப் பாதி அதிக நாள் உயிரோடு இருக்கிறது என்பதுதான் கேள்வி.

"இது முடிய எத்தன வருசம் ஆவும்?"

"ஆறு, ஏழு. கூடவும் ஆவும்."

"பலிக்கலேன்னா?"

"பலிக்கலேன்னு தெரியும். அதுவும் தெரியாண்டாமா?"

சம்பாதித்ததை எல்லாம் இப்படி ஒரே இடத்தில் போடக் கூடாது என்று சொல்ல வேண்டியது என் கடமை. சொன்னேன். வீடும் பாங்கு டெப்பாசிட்டும் தனியாக இருப்பதாகவும், இது போனாலும் தன் சோறு போகாது என்றும் பதில் வந்தது. கடியப்பட்டணத்துக்குப் பக்கத்திலேயே வேறு தரகர்கள் இருக்க, இவ்வளவு தூரம் ஏன் வந்தார் என்று கேட்டேன். "அங்க வாங்கினா, சாயங்காலம் மீன் ஏலம் எடுக்கவிய வரைக்கும் தெரிஞ்சிரும்" என்றார்.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி குடும்பத்துக்கு அடுத்த வீட்டில் தனியாக இருந்தார். அப்படிப்பட்ட ஒருவர் புற்றுநோய் ஊசியில் பணம் போட்டுக் காத்திருக்கிறார் என்றால், உள்ளே ஒரு கதை இருந்தாக வேண்டும் என்று எங்கள் ஊர் முடிவு செய்தது. அவரைக் கட்டிக்கொள்ள இருந்த ஒருவர் புற்றுநோயில் இறந்துபோனதாக ஒரு கதை. அவருக்கே மார்பில் இருந்து, குவைத்தில் எடுத்துவிட்டு வந்ததாக இன்னொன்று. நானும் சாதாரண ஆள்தானே. ஒரு நாள் ஆபீசில் வேறு யாரும் இல்லாதபோது மெல்லக் கேட்டுவிட்டேன்.

"சிஸ்டருக்கு வீட்டுல ஆருக்காவது..."

"ஆருக்கும் இல்ல."

"பின்ன?"

கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "ஒரு பொம்பள பங்கு வாங்கணும்னா வீட்டுல ஒரு சாவு விழணுமா சாரே? மருந்து வரணும்னு சும்மா தோணப்பிடாதா?"

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. எங்கள் கடற்கரையில் யாருக்குப் புற்று வந்தாலும் கதிர் வீசும் மணலைச் சொல்வார்கள், வெற்றிலையைச் சொல்வார்கள், போன பிறவியைக்கூடச் சொல்வார்கள். அவரிடம் யாராவது காரணம் கேட்டால், "காரணம் சொல்ல ஆளு நெறைய உண்டு, மருந்து உண்டாக்கத்தான் ஆளில்ல" என்பார். அந்த ஊசி ஜெயிக்க வேண்டும் என்று ஒரு பூசை வைக்கலாமே என்று அவர் ஊர் மாதா கோயிலின் பங்குச் சாமியார் ஒருமுறை சொன்னாராம். "ஊசி ஜெயிக்கணும்னு வேண்டாதீங்க ஃபாதர். உண்ம தெரியணும்னு வேண்டுங்க" என்று சொல்லிவிட்டு வந்ததாக என்னிடம் சொன்னார்.

காத்திருப்பது என்றதும் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கும் ஒருவர்தான் நமக்கு ஞாபகம் வருவார். இவர் காத்திருந்த விதம் வேறு. அப்பா பெயரில் இருந்த வீட்டு மனையைத் தன் பெயருக்கு மாற்ற ஒரு அரசாங்க ஆபீசுக்குப் போயிருக்கிறார். அங்கே இருந்த ஆள், நாளைக்கு வாங்க என்றிருக்கிறான். மறுநாள் இவர் குடையும் சோற்றுப் பாத்திரமும் தண்ணீர் பாட்டிலுமாகப் போய், அந்த ஆளின் மேஜைக்கு எதிர் பெஞ்சில் ஆபீஸ் திறக்கும்போது உட்கார்ந்து, பூட்டும்போது எழுந்தார். படிக்கவில்லை, போனை நோண்டவில்லை. அந்த ஆளையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவது நாள் அவன் மேஜையை வேறு பக்கமாகத் திருப்பிப் போட்டான். இவர் எழுந்து அந்தப் பக்கத்துப் பெஞ்சுக்குப் போனார். ஆறாவது நாள் பேப்பர் கைக்கு வந்துவிட்டது.

"கைக்கூலி கேட்டானா சிஸ்டர்?"

"கேக்கதுக்கு வாயத் தொறந்தான். நான் பாத்துட்டே இருந்தேன். மூடிட்டான்."

பிறகு தானாகவே சொன்னார்: "காத்திருக்கது கையேந்தது இல்ல சாரே. கையேந்துதவன் குனிஞ்சு நிப்பான். நான் நிமுந்துல்லா இருந்தேன்."

இப்படி நாலு வருடம் போனது. ஊசிப் பங்கு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. திடீரென்று ஒரு மாசி மாதம் எல்லார் போனிலும் ஒரு செய்தி சுற்றியது. புற்றுநோய்க்கு ஊசி வந்தாச்சு, அடுத்த மாதம் அறிவிப்பு. யார் எழுதியது, எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. பங்கு தினமும் அனுமதிக்கப்பட்ட உயரம் வரை போய் முட்டி நின்றது. அதுவரை எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் என் படியேறி வந்தார்கள். வந்தவர்களில் பெரிய ஆள் ஷீட் அண்ணாச்சி. கீரிப்பாறை மலையடிவாரத்துத் தோட்டங்களிலிருந்து ரப்பர் ஷீட் எடுத்து விற்கிறவர். ஆறடி உயரம். எப்போதும் இடது கன்னத்தில் ஒரு உருண்டை வெற்றிலை. அவர் சாதாரணமாகப் பேசினாலே கீழே மருந்துக்கடைக்குக் கேட்கும்.

"சிஸ்டரே, ஒரு வார்த்த சொல்லுங்க. வாங்கலாமா?"

"வேண்டாம்."

"நீங்க வச்சிருக்கியளே!"

"நான் காத்திருப்பேன். ஒங்களால முடியாது. பஸ்சு அஞ்சு நிமிசம் பிந்தினா டிரைவருக்க தாய்தள்ளையச் சேத்து ஏசுத ஆளு நீங்க."

ஆபீசே சிரித்தது. அண்ணாச்சியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே வாங்கினார், நிறைய. அன்றைக்கு எட்டுப் பத்துப் பேர் சிஸ்டரிடம் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் வேண்டாம் என்றுதான் சொன்னார். எட்டுப் பத்துப் பேரும் வாங்கினார்கள். அவர்களில் நானும் ஒருவன். வேண்டுமென்றே மறைக்கிறார், நமக்குக் கிடைக்கக் கூடாது என்று நினைக்கிறார் என்றுகூட ஒரு கணம் எண்ணினேன். அந்த எண்ணத்துக்காக இன்றும் கூசுகிறேன்.

விலை உச்சத்துக்குப் போனபோது நானே அவரிடம், "இப்பம் வித்தா மாடி எடுத்துக் கெட்டலாம் சிஸ்டர்" என்றேன்.

"எனக்கு மாடி என்னத்துக்கு? கடலு கீழ நின்னாலே தெரியுது."

அடுத்த மாதம் அறிவிப்பு வரத்தான் செய்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை. சிஸ்டர் தன் நாற்காலியில் இருந்தார், அண்ணாச்சி என் மேஜைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். நான் திரையில் வந்ததைச் சத்தமாகப் படித்தேன். சோதனையில் இருக்கிறவர்களில் குறிப்பிட்ட எண்ணிக்கையினர் இறந்த பிறகுதான் இரண்டு பாதியையும் பிரித்துப் பார்க்க முடியும். எதிர்பார்த்த வேகத்தில் அந்த எண்ணிக்கை எட்டப்படவில்லை. ஆகவே முடிவு தெரிய இன்னும் ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும். நான் படித்து முடிப்பதற்குள் பங்கு விழ ஆரம்பித்துவிட்டது.

அண்ணாச்சி மேஜையில் ஓங்கி அறைந்தார். "எளவு, இன்னும் எத்தன பேருதான் சாவணும்?"

சிஸ்டர் எழுந்தார். அவருடைய ஒரு மணி நேரம் முடிவதற்கு முன் அவர் எழுந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அண்ணாச்சி, இப்பம் சொன்னத இன்னொருக்கா சொல்லுங்க."

அண்ணாச்சி திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வார்டுல நாங்க டூட்டி முடிச்சு எறங்கையில, இன்னைக்கு ஆரும் போகலேன்னு எழுதி வைக்க நாளு மாசத்துல ஒண்ணோ ரெண்டோதான் கிட்டும். அன்னைக்கு கேக்கு வாங்கித் தின்போம், தெரியுமா? இந்தச் சோதனையில உள்ளவிய நெனச்சதவிட நாளு கூட இருக்கினும். அதான் பிந்துது. ஊசியினாலயா, வேற எதுனாலயான்னு எனக்கும் தெரியாது, கம்பெனிக்கும் தெரியாது. ஆனா எங்கயோ ஒரு வீட்டுல, போயிருக்க வேண்டிய ஒருத்தன் இன்னைக்கும் உக்காந்து சாயா குடிக்கான். அது ஒங்களுக்கு நஷ்டமா?"

"எனக்க பைசா போவுதுல்லா சிஸ்டரே!"

"போவட்டும். இருக்க முடிஞ்சா இருங்க, இல்லேன்னா வித்துட்டுப் போங்க. ஆளு சாவணும்னு மட்டும் எனக்க காதுல விழப்பிடாது."

அவர் குரல் உயரவில்லை. ஆனால் கிளாசைக் கழுவும்போது அது குழாயில் இடித்துச் சத்தம் வந்தது.

அண்ணாச்சி அன்றைக்கே விற்றார். நான் மறுநாள் விற்றேன். மற்றவர்கள் அந்த வாரத்துக்குள். எல்லாருக்கும் நஷ்டம். பட்டவனுக்குக் காரணம் வேண்டும். சிஸ்டர்தான் ஆசை காட்டினார், கல்ஃப் பணத்தை வைத்து விலையை ஏற்றிவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. கிளப்பியவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணாச்சி இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு கடியப்பட்டணத்துக்குக் கிளம்பினார். அடிதடி ஆகிவிடக் கூடாதே என்று நானும் அந்தக் காரில் ஏறினேன். பூசை முடிந்து வந்த சிஸ்டர் முற்றத்தில் உட்கார்ந்து சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். அண்ணாச்சி படலைத் தாண்டும்போதே தொடங்கிவிட்டார்.

"கூட இருந்து கழுத்தறுத்துட்டியளே! ஒங்களப் பாத்துதானே நான் வாங்கினேன்? அய்யாவாண சொல்லுதேன், ஒங்களப் பாத்துதான்!"

பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். தம்பி பொண்டாட்டி வாசலில் வந்து நின்றாள். வேண்டாம் என்று எல்லார் முன்னாலும் சொன்னேனே என்று அவர் சொன்னால் போதும், நான் சாட்சி சொல்லத் தயாராக இருந்தேன். அவர் சொல்லவில்லை. கத்தியைக் கீழே வைத்தார். கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினார். சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, கத்திக்கொண்டிருந்த அண்ணாச்சிக்கு ஒரு முழ தூரத்தில் போய் நின்று, அவருடைய வாயையே பார்த்தார்.

"வாயத் தொறயுங்க."

"என்ன?"

"நல்லாத் தொறயுங்க. வெத்திலையத் துப்பிட்டு வாங்க."

பத்தொன்பது வருடம் ஒரு வார்டையே அடக்கிய குரல். அண்ணாச்சி வேலியோரம் போய்த் துப்பிவிட்டு வந்து வாயைத் திறந்தார். அவ்வளவு பெரிய ஆள் குனிந்து நிற்க, சிஸ்டர் போன் வெளிச்சத்தை உள்ளே அடித்து, சுத்தமான கைக்குட்டையால் கன்னத்தை விலக்கிப் பார்த்தார்.

"இது எத்தன நாளாட்டு இருக்கு?"

"சுண்ணாம்பு பொள்ளினது சிஸ்டரே..."

"எத்தன நாளு?"

"ஒரு மூணு மாசம் இருக்கும்."

"நாளைக்குக் காலத்த எட்டு மணிக்கு நாகர்கோவில்ல பெரிய ஆஸ்பத்திரி வாசல்ல நிப்பேன். வாங்க. சண்ட பாக்கி இருந்தா அதுக்குப் பொறவு வந்து பிடிக்கலாம்."

திங்கட்கிழமை அண்ணாச்சி போகவில்லை. சிஸ்டர் மத்தியானம் வரை நின்றுவிட்டுத் திரும்பினார். செவ்வாய்க்கிழமை என் ஆபீசுக்கு வரவில்லை; ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். அன்றும் அண்ணாச்சி போகவில்லை. புதன்கிழமை போனார். "அவிய அங்க நிக்கினும்னு தெரிஞ்சிட்டு வீட்டுல இருந்து சோறு எறங்கல தம்பி" என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

புற்றுதான். நல்லவேளை, கழுத்துக்குப் போகவில்லை. இடது கன்னத்திலும் தாடையிலும் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, தொடைத் தோலை வைத்துத் தைத்தார்கள். பிறகு கரண்டு வைத்தார்கள்; கதிர்வீச்சை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வது. சிஸ்டர் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்காரவில்லை, ஆறுதலாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றுவது எப்படி என்று அண்ணாச்சியின் மனைவிக்கு மூன்று நாள் பழக்கினார். நாலாம் நாள் பரீட்சை வைத்தார். அந்த அம்மாள் தோற்றுப்போனதால் ஐந்தாம் நாளும் வகுப்பு நடந்தது.

அண்ணாச்சி பிழைத்துக்கொண்டார். பேச்சு மட்டும் குழறிப்போனது. சத்தமும் போய்விட்டது. சாப்பிடும்போதும் பேசும்போதும் வாயோரம் ஒழுகும். துடைக்கத் தோளில் ஒரு துண்டு. ரப்பர் ஏலத்துக்கு மகனை அனுப்பிவிட்டு, செவ்வாய்க்கிழமைகளில் என் ஆபீசுக்கு வந்து சிஸ்டருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரத் தொடங்கினார். இருவரும் பேசிக்கொண்டு நான் அதிகம் கேட்டதில்லை.

ஒன்றரை வருடம் கழித்து முடிவு வந்தது. இரண்டு பாதிக்கும் இடையே சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஊசி பலிக்கவில்லை. பங்கு பாதாளத்துக்குப் போய்விட்டது.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை அவர் வருவாரா என்று சந்தேகமாக இருந்தது. பதினோரு மணிக்கு வந்தார். நான் சொல்வதற்கு இரண்டு மூன்று வாக்கியங்கள் தயாராக வைத்திருந்தேன். சாயாவுக்குச் சொல்லவா என்று மட்டும் கேட்டேன். சாயா வேண்டாம் என்றார். தன் ஒரு மணி நேரமும் உட்கார்ந்திருந்தார். கடைசியில்,

"கம்பெனி அறிக்கைய முழுசா ரெண்டு தடவ படிச்சேன் சாரே. ஊசி தோத்துது, சரி. இப்பமும் உசுரோட இருக்கவிய எத்தன பேருன்னு எழுதல" என்றார்.

"சோதனதான் முடிஞ்சுபோச்சே சிஸ்டர்."

"சோதன முடிஞ்சுது. ஆளு முடியலல்லா? ஆறு மாசத்துக்கு ஒருக்கா அவியளப் பாத்துட்டு இருந்தினும். இனி ஆரு பாக்கது? ஊசிக்க குணமோ கேடோ பத்து வருசம் கழிஞ்சு தெரிஞ்சா, ஆருக்குத் தெரியும்?"

கண் கலங்கியிருந்தது. தன் பணத்துக்காக இல்லை என்பது எனக்குத் தெரிந்தது.

அந்த வருடம் கம்பெனியின் ஆண்டுக் கூட்டம் வீடியோவில் நடந்தது. முன்கூட்டியே பதிவு செய்தால் எந்தப் பங்குதாரரும் இரண்டு நிமிடம் பேசலாம். சிஸ்டர் பதிவு செய்தார். அவர் வீட்டில் சிக்னல் நிற்காது என்பதால் என் ஆபீசில்தான் ஏற்பாடு. நான், அவர், அண்ணாச்சி. தலைவர் ஒரு மணி நேரம் பேசினார். ஊசித் திட்டத்தை மூடிவிட்டு, இனி சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை செய்யப் போகிறார்களாம். பிறகு பங்குதாரர்கள் பேசினார்கள். ஒருவர் டிவிடெண்டு கேட்டார். ஒருவர், முன்பெல்லாம் கூட்டத்துக்கு வந்தால் இனிப்புப் பெட்டி தருவீர்களே என்று ஆதங்கப்பட்டார். அதற்குப் பிறகு சிஸ்டரின் பெயரை யாருடைய பெயரோ போலச் சிதைத்து அழைத்தார்கள்.

அவருடைய ஆங்கிலம் வார்டு ஆங்கிலம். சின்னச் சின்ன வாக்கியங்கள். நான் புற்றுநோய் வார்டில் நர்சாக இருந்தவள். உங்கள் சோதனையில் இருந்தவர்களில் பலர் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் உடம்பைக் கொடுத்தார்கள். வருடங்களைக் கொடுத்தார்கள். நீங்கள் மூடிவிட்டுப் போகிறீர்கள். அவர்களை இனி யார் பரிசோதிப்பார்கள்?

நன்றி மேடம், உங்கள் ஆலோசனையைக் குறித்துக்கொண்டோம் என்றார் தலைவர்.

இது ஆலோசனை இல்லை, கேள்வி, எனக்குப் பதில் வேண்டும் என்றார் சிஸ்டர். அவர் மேலும் பேசிக்கொண்டிருக்க, அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"சிஸ்டர், நம்ம சத்தத்த நிறுத்திட்டினும்" என்றேன்.

"முகம் தெரியுதா?"

"தெரியுது."

பேசுவதை நிறுத்தி, நேராக உட்கார்ந்து, கேமராவைப் பார்த்தார். திரையில் ஐம்பது அறுபது சின்னக் கட்டங்கள். பேசி முடித்தவர்கள் ஒவ்வொருவராக அணைத்துவிட்டுப் போனார்கள். அவர் கட்டம் கூட்டம் முடியும் வரை இருந்தது.

பதில் வரவில்லை. கடிதம் எழுதினார். அதற்கும் பதில் இல்லை. அடுத்த வருடமும் பதிவு செய்தார், அதே கேள்வியைக் கேட்டார். பரிசீலிக்கிறோம் என்றார்கள். அந்தப் பங்கு அப்போது ஒரு சாயா விலைகூடப் போகாது. "இனி என்னத்துக்கு சிஸ்டர் வச்சிருக்கணும்? வித்துத் தொலைச்சா நிம்மதில்லா?" என்றேன்.

"பங்கு இருந்தாத்தானே சாரே கேள்வி கேக்க விடுவினும்."

மூன்றாவது வருடம், அவர் கேட்பதற்கு முன்பே தலைவர் சொன்னார்: சோதனையில் இருந்து உயிரோடு இருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு வருடம் பரிசோதனைச் செலவைக் கம்பெனி ஏற்கும். அண்ணாச்சி துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நான் கைதட்டினேன். சிஸ்டருக்குப் பேச வாய்ப்பு வந்தபோது நன்றி சொல்வார் என்று நினைத்தேன். நன்றி சொன்னார். அடுத்த மூச்சில், "இரண்டு வருடம் கழித்து?" என்று கேட்டார்.

அந்த இரண்டு வருடம் முடிவதற்குள் அவர் போய்விட்டார். காலைப் பூசைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும்போது மாரடைப்பு. புற்றுநோய் இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஊர் அப்படித்தான் முடித்துவைக்கப் பார்த்தது. அடக்கத்துக்கு அண்ணாச்சி வந்திருந்தார். திரும்பும்போது காரில்,

"தம்பி, எனக்கு அந்த ஊசிப் பங்கு வேணும்" என்றார்.

"எத்தன அண்ணாச்சி?"

"ஒண்ணு. கேள்வி கேக்க ஒண்ணு போரும்லா?"

போதும் என்றேன். வாங்கிக் கொடுத்தேன். எனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டேன்.

இந்த வருடக் கூட்டத்துக்கு அவர்தான் பதிவு செய்தார். நான் பேசுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. அவருக்கு ஆங்கிலம் வராது. சிஸ்டர் கடைசியாகக் கேட்ட அதே கேள்வியின் ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில் எழுதித் தந்தேன். ஒரு வாரம் மகனை எதிரே உட்கார வைத்துப் பழகினார். கூட்டத்தன்று வெள்ளைச் சட்டையும் நெற்றியில் நாமமுமாக வந்து கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தார். பெயரைக் கூப்பிட்டதும் படித்தார். கன்னத்தில் பாதி இல்லாத வாயிலிருந்து சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. பாதியில் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குறுக்கிட்டாள். சார், உங்கள் குரல் தெளிவாக இல்லை, கேள்வியை எழுதி அனுப்பிவிடுங்கள்.

நான் அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன்.

அண்ணாச்சி துண்டை எடுத்து வாயோரத்தைத் துடைத்தார். நாற்காலியை மேஜைக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டார். தாளைக் கண்ணுக்கு நேரே பிடித்து, முதல் எழுத்திலிருந்து மறுபடியும் ஆரம்பித்தார்.